வக்கீலைக் காணப் போகுமுன்

திருச்சிராப்பள்ளிக் கண்டோன்மென்டில் நியாயஸ்தலங்கள் கூடியிருக்கும் வளாகத்தின் வாயிலில் ஒரு காலைப்பொழுது நின்று பார்ப்போர்க்கு ஒரு காட்சி தவறாது கிடைக்கும். ஸ்ரீரங்கத்திலிருந்தும் சுற்றூர்களிலிருந்தும் பேருந்தில் வந்திறங்குவோர் பலர், ஒரு துணிப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு வருவர். அப்பையினுள்ளே தாய்ப்பத்திரமும், வரி ரசீதும், பழைய கலியாணப் பத்திரிகையும், எவரோ எழுதிய கடிதமும் ஒன்றோடொன்று கலந்து கிடக்கும். வக்கீல் கேட்கும் முதற் கேள்விக்கு அவர்கள் கூறும் விடை, பெரும்பாலும், "எல்லாம் இதிலே இருக்கிறது, ஐயா" என்பதே. நம் கலாசாலையை விட்டு வெளியேறும் மாணவர் ஒவ்வொருவரும் தமக்காகவோ, தம் வீட்டாருக்காகவோ ஒருநாள் அப்படிக்கட்டை மிதிக்க நேரலாமாதலின், அம்முதற் சந்திப்பைப் பற்றிச் சிறிது ஆராய்வாம்.

இந்நகரத்து நியாயஸ்தலத்தில் ஆவணங்களைக் காப்பவராயும் பின்னர் மொழிபெயர்ப்பாளராயும் ஊழியந் தொடங்கி, முன்சீபாய் உயர்ந்தவர் மாயூரம் வேதநாயகம் பிள்ளை (1826-1889). உயர்ந்த நியாயஸ்தலத்துத் தீர்ப்புகள் ஆங்கிலத்தில் மட்டுமே கிடக்க, வழக்காடும் குடிகள் தம் விதி இன்னதென்று அறியாது தவிப்பதைக் கண்டு, 1805 முதல் 1861 வரை பிறந்த தீர்ப்புகளின் சாரத்தைச் 'சித்தாந்த சங்கிரகம்' என்று தமிழில் வெளியிட்டார். இன்று சட்டத்தைத் தமிழில் அறிவது அத்துணை அரிதன்று. ஆயினும் சட்டத்தை வக்கீல் அறிவார். நடந்த செய்தியையோ கட்சிக்காரர் ஒருவரே அறிவார். அதனை அவர் முற்றும் கொணராவிடில், எத்துணைக் கல்வியுடைய வக்கீலாலும் ஆவதொன்றில்லை.

யாரை அமர்த்துவது? பாரிஸ்டர், அட்டர்னி, வக்கீல், பிளீடர் என்று முன்பிருந்த வகுப்புகள் 1961-ஆம் ஆண்டு வழக்கறிஞர் சட்டத்தால் ஒன்றாயின. வழக்கறிஞர் விளம்பரஞ் செய்தல் அவர்தம் தொழில் விதிகளால் விலக்கப்பட்டது. எனவே, தம்முடையதைப் போன்ற வியாஜ்யத்தை நடத்தியவரைக் கேட்டறிவதே நல்வழி. ஜாமீன் விண்ணப்பங்களிற் பெயர் பெற்றவர் பாகப்பிரிவினை வழக்கிலும் வல்லவராயிருப்பர் என்று கொள்ளுதல் கூடாது. வாயிலில் நின்று கையைப் பிடித்திழுக்கும் தரகரை ஒதுக்குக. அத்தகையோரைப் பட்டியலிட்டு விலக்க நியாயஸ்தலங்களுக்கு அதிகாரமளிக்கும் திருத்தம் 2023-ல் செய்யப்பெற்றுள்ளது.

இனி, எனக்குத் தெரிந்த ஓர் அம்மையாரின் செய்தியைக் கூறுகிறேன். ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் சாலையருகே அவர் தந்தையார் தாம் ஈட்டிய பொருளால் ஒரு வீடு வாங்கி, உயில் எழுதாது காலஞ்சென்றார். அங்ஙனம் இறப்பவர் சொத்து மனைவிக்கும், மக்களுக்கும், தாயார் இருப்பின் அவருக்கும் சமமாகச் சேரும் என்பது 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுச் சட்டம். தமையனார் வீட்டில் இருந்தார். அம்மையார் பங்கு கேட்டு வக்கீலை நாடினார். கேட்ட யாவற்றுக்கும் விடையளித்த அவர், ஒன்றை மட்டும் கூறவில்லை. பல ஆண்டுகளுக்கு முன் தமையனார் ஸ்ரீரங்கம் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு அழைத்துச் சென்று ஒரு பத்திரத்திற் கையெழுத்து வாங்கியிருந்தார். "அது வெறுங் கையெழுத்துதானே, சொன்னால் வக்கீல் வழக்கை ஏற்கமாட்டார்" என்பது அவர் எண்ணம். பிராதிலே, தாம் எந்தப் பத்திரமும் எழுதிக் கொடுத்ததில்லை என்று உறுதிமொழியும் இட்டுவிட்டார்.

எதிர்க்கட்சியின் பதிலுரையோடு வந்தது அப்பத்திரம்: முறைப்படி பதிவான விடுதலைப் பத்திரம். அன்று முதல் வழக்கு பங்கைப் பற்றியதாக இராமல் அம்மையாரின் வாய்மையைப் பற்றியதாயிற்று. அப்பத்திரம் வஞ்சனையால் வாங்கப்பட்டதென்று பின்னர் வாதிக்க முயன்றபோது, பத்திரத்தை ரத்துச் செய்யக் கோரும் காலம் உண்மை தெரிந்த நாள் முதல் மூன்றாண்டே என்னும் விதி குறுக்கே நின்றது. வழக்குத் தோற்றது. முதல் நாளே கூறியிருந்தால், வக்கீல் சமாதானத்துக்கு வழி பார்த்திருப்பார். அல்லது வழக்கே வேண்டாமென்று சொல்லியிருப்பார். வில்லங்கச் சான்று ஒன்று எடுத்திருந்தாலும் செய்தி வெளிப்பட்டிருக்கும். அதனை முன்னதாகக் கேட்டு வாங்காதது வக்கீலின் குறையும் ஆகும் என்பது என் கருத்து.

மறைக்க வேண்டிய காரணமும் இல்லை. கட்சிக்காரர் தொழில்முறையில் தம்மிடம் கூறியதை அவர் சம்மதமின்றி வக்கீல் வெளியிடலாகாதென்பது 1872-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்திலேயே இருந்தது. 2024 ஜூலை முதல் அதனிடத்தில் வந்துள்ள சட்டத்திலும் அவ்விதி நிலைத்துள்ளது. குற்றம் புரியும் நோக்கத்தோடு கூறப்படுவதற்கு மட்டும் அக்காவல் இல்லை.

ஆகவே போகுமுன் செய்யவேண்டுவது யாதெனின், ஒரு தாளில் நிகழ்ச்சிகளை நாள்வாரியாக எழுதுதலே. நியாயஸ்தலத்தில் நாளே பெரிது. பூர்விகச் சொத்தாயின், பாகம் 2004 டிசம்பர் 20-க்கு முன் பதிவுப் பத்திரத்தால் நடந்ததா, பின் நடந்ததா என்பதொன்றே மகளின் உரிமையை மாற்றிவிடும். மகள் பிறப்பாலேயே பங்காளி என்றும், அதற்குத் தந்தை 2005-ல் உயிரோடிருந்திருக்க வேண்டியதில்லை என்றும் உச்ச நீதிமன்றம் 2020-ல் தீர்த்தது. நாள் தெரியாவிடில் "அக்கா கலியாணத்துக்கு மறு வருஷம்" என்றாவது குறிக்கலாம். ஊகித்து ஒரு தேதியை மட்டும் எழுதற்க. மதிற் சுவர்களுக்குள்ளே குடியிருக்கும் ஸ்ரீரங்கவாசிகள் இன்னொன்றும் கவனிக்க: கட்டடம் தம்முடையதாயினும் மனை கோயிலுடையதா என்பதை முதலிலேயே கூறுக. கோயில் நிலத்தை விற்பதும், ஐந்தாண்டுக்கு மேற்பட்ட குத்தகைக்கு விடுவதும், ஆணையர் அனுமதியின்றிச் செல்லாவென்பது 1959-ஆம் ஆண்டு அறநிலையச் சட்டம்.

பத்திரங்களின் நகல்களைக் கொடுத்து, மூலத்தைக் காட்டினாற் போதும். மூலத்தையே கொடுக்க நேர்ந்தால் ரசீது பெறுக. கைப்பேசியில் வந்த செய்திகளை அழித்துவிடாது, அக்கருவியையும் காத்து வைக்க வேண்டும். வக்காலத்தை வாசித்தே கையெழுத்திடுக. வெற்றுத்தாளில் ஒருபோதும் இடற்க. கட்டணம் எவ்வளவு, குமாஸ்தா செலவு எவ்வளவு, ஒவ்வொரு வாய்தாவுக்கும் தனியே உண்டா, மேல்முறையீடு மதுரைக் கிளைக்குப் போனால் யார் நடத்துவார் என்பவற்றைக் கூச்சமின்றிக் கேட்கலாம். வென்றாற் கிடைப்பதிற் பங்கு கேட்பது விதிக்குப் புறம்பானது. வக்கீலை மாற்ற நேர்ந்தால், கட்டணப் பாக்கியைக் காட்டி அவர் கட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளலாகாதென்று உச்ச நீதிமன்றம் 2000-ல் தீர்த்துள்ளது.

பணமில்லாதார்க்கு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு வக்கீலை அமர்த்தித் தரும். 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்களுக்கு வருமான வரம்பும் இல்லை. மேற்சொன்ன அம்மையார்க்கு இதனை எவரும் சொல்லவில்லை; தாலிச்சங்கிலியை அடகு வைத்தே முதல் வழக்கை நடத்தினார்.

சில ஆண்டுகளின் பின் அவர் மீண்டும் ஒரு வக்கீலைக் காண நேர்ந்தது. கைமாற்றாகக் கொடுத்த பணத்துக்கு வாங்கிய புரோநோட்டு ஒன்றைப் பற்றி. இம்முறை பேத்தியை உட்காரவைத்து ஒரு பக்கம் எழுதுவித்தார்: நோட்டு எழுதிய நாள், வட்டி வந்த நாட்கள், பின்னர் எழுத்தில்லாமற் பெற்ற ஒரு தொகை. அத்தொகையைச் சொல்வதா என்று பேத்தி தயங்கினாளாம். "அதை முதல் வரியிலே எழுது" என்றார் பாட்டி. வக்கீல் அத்தாளைப் படித்து, விரல்விட்டு எண்ணினார். மூன்றாண்டு நிறையப் பத்தொன்பது நாட்களே எஞ்சியிருந்தன. அன்று மாலையே பிராது எழுதத் தொடங்கினார்.