ஒவ்வொரு படிக்கும் ஒரு கற்பூரம்

ஓம் சரவணபவ. முருகா சரணம்!



போன கந்த சஷ்டி சமயத்துல ஒரு தங்கை எனக்கு மெசேஜ் அனுப்பியிருந்தாங்க. காலேஜ் ஹாஸ்டல்ல தங்கிப் படிக்கிறவங்க. முதல் தடவையா ஆறு நாள் விரதம் எடுத்திருக்காங்க. பால், பழம் மட்டும். இரண்டு நாள் நல்லாப் போச்சு. மூணாம் நாள் காலையில லேப்ல நின்னுட்டு இருந்தப்போ தலை சுத்தி உட்கார்ந்துட்டாங்க. கூட இருந்த பிள்ளைங்க பயந்து போய், கேன்டீன்ல இருந்து இட்லி வாங்கிட்டு வந்து சாப்பிட வெச்சுட்டாங்க.

அதுக்கப்புறம் அந்தத் தங்கை கேட்ட கேள்விதான் இந்தப் பாடத்துக்குக் காரணம். "அண்ணா, என்னால மூணு நாள் கூட முழுசா இருக்க முடியல. முருகன் கோவிச்சுக்குவாரா? இனிமே கவசம் படிக்கிறதுல ஏதாவது அர்த்தம் இருக்கா?"

அன்னைக்கு ரெண்டு வரியில பதில் சொன்னேன். அது போதாதுன்னு மனசுல பட்டுக்கிட்டே இருந்தது. ஏன்னா இதே கேள்வியை வேற வேற வடிவத்துல நிறைய பேர் கேட்கிறீங்க. "48 நாள் வேல்மாறல் படிக்கிறதா வேண்டிக்கிட்டேன், 31-வது நாள் விட்டுப் போச்சு." "குரூப் 4 எழுதினேன், கட் ஆஃப் வரல, ஒரு வருஷம் வீணாப் போச்சு." எல்லாத்துக்கும் அடியில இருக்கிறது ஒரே எண்ணம்தான்: உச்சிக்குப் போய்ச் சேரலைன்னா, ஏறினது எதுவுமே கணக்குல வராது.

அது உண்மையா? வாங்க, திருத்தணிக்குப் போய்ப் பார்ப்போம்.

தணிகையின் 365 படிகள்

அறுபடை வீடுகள்ல ஐந்தாவது திருத்தணி. மலைக்கு 365 படிகள். வருஷத்துல ஒரு நாளுக்கு ஒரு படி என்பது பெரியவங்க சொல்லும் கணக்கு. (சுவாமிமலையில இப்படித்தான் 60 படிகள், 60 தமிழ் வருஷங்களின் பெயரில்.)

ஒவ்வொரு வருஷமும் டிசம்பர் 31-ந் தேதி இங்கே திருப்படித் திருவிழா நடக்கும். பார்த்தவங்களுக்குத் தெரியும். பஜனைக் குழுக்கள் அடிவாரத்துல கூடுவாங்க. முதல் படிக்கு மஞ்சள், குங்குமம் வெச்சு, ஒரு திருப்புகழ் பாடி, கற்பூரம் காட்டுவாங்க. அப்புறம் இரண்டாவது படி. அதுக்கும் மஞ்சள், குங்குமம், ஒரு திருப்புகழ், கற்பூரம். இப்படியே 365 படிக்கும்.

இந்த விழாவைத் தொடங்கி வெச்சவர் வள்ளிமலை சுவாமிகள். சச்சிதானந்த சுவாமிகள்னும் சொல்வாங்க. முன்னாடி மைசூர் அரண்மனையில சமையல் வேலை பார்த்தவர். பிறகு திருப்புகழே மூச்சுன்னு வாழ்ந்தவர். அது வெள்ளைக்காரங்க ஆட்சிக் காலம். ஆங்கிலப் புத்தாண்டு அன்னைக்கு நம்ம ஆளுங்க மாலை, பழத்தோட துரைமார் வீட்டுக்குப் போய்க் காத்துக்கிட்டு நிற்பாங்க. அதைப் பார்த்து மனசு கேட்காம, "எல்லா துரைக்கும் மேலான துரை தணிகையில இருக்கார், அவரைப் போய்ப் பார்ப்போம்"னு இந்த வழக்கத்தை ஆரம்பிச்சார்னு சொல்வாங்க. நீங்க படிக்கிற வேல்மாறலும், அருணகிரிநாதரின் வேல் வகுப்புல இருக்கிற 16 அடிகளை வெச்சு இவர் 64 அடியாகத் தொகுத்துக் கொடுத்ததுதான்.

இப்போ ஒண்ணு யோசிச்சுப் பாருங்க. சாமி இருக்கிறது மேலே. அடிவாரத்துலயே நின்னு ஒரு கல்லுக்கு எதுக்குக் கற்பூரம்? நேரா மேல போய் 365 பாட்டையும் சந்நிதியிலயே பாடிடலாமே?

அப்படிச் செய்யல. முதல் படியைத் தொட்டதுமே பூஜை ஆரம்பிச்சிடுது. 40-வது படியில நிக்கிற பக்தர், "இன்னும் 325 பாக்கி"ன்னு அழுதுக்கிட்டு நிக்கல. அந்த 40-வது படிக்கு உண்டான மரியாதையைச் செஞ்சுட்டுத்தான் 41-க்குக் கால் வைக்கிறார். மேலே இருக்கிறவரின் பாதம் அந்தக் கல்லுலயும் இருக்குன்னு நம்பித்தானே இதைச் செய்றோம்?

நம்ம வாழ்க்கையில மட்டும் ஏன் இதை மறந்துடுறோம்? உச்சிக்கு மட்டும் மாலை வாங்கி வெச்சுக்கிட்டு, ஏறி வந்த படியெல்லாம் வெறும் கல்லுன்னு நினைச்சுடுறோம்.

அந்தப் பாட்டெல்லாம் எங்கிருந்து வந்தது?

ஒவ்வொரு படியிலயும் ஒரு திருப்புகழ் பாடறாங்கன்னு சொன்னேன். அருணகிரிநாதர் 16,000 பாட்டு பாடியதாக மரபு. இன்னைக்கு நம்ம கையில இருக்கிறது 1,300-க்குக் கொஞ்சம் மேல. இதுவும் தானா வந்து சேரல.

சுமார் 150 வருஷத்துக்கு முன்னாடி திருப்புகழ் ஊர் ஊரா ஓலைச்சுவடியில சிதறிக் கிடந்தது. வ.த. சுப்பிரமணிய பிள்ளை என்ற பெரியவர் அதைத் தேட ஆரம்பிச்சார். அவர் நீதித்துறையில முன்சீப்பா இருந்தவர். மாசம் பூரா கோர்ட், வழக்கு, தீர்ப்பு. அதுக்கு நடுவுலதான் சுவடி இருக்கிற இடத்தை விசாரிச்சு, வாங்கி, படிச்சு, ஒத்துப் பார்த்து, எழுதிச் சேர்த்தார். முதல் தொகுதி அச்சுல வந்தது 1894-ல். இரண்டாவது 1901-ல். அவருக்கப்புறம் அவர் மகன் செங்கல்வராய பிள்ளை அந்தப் பணியைத் தொடர்ந்தார். பாட்டுக்கெல்லாம் உரை எழுதினார். 'தணிகைமணி'ன்னு நாம மரியாதையோட சொல்றது அவரைத்தான்.

ஒரு நாள் ராத்திரி விளக்கு வெளிச்சத்துல ஒரே ஒரு பாட்டைப் பிழை பார்த்து எழுதி வெச்சுட்டு அந்தப் பெரியவர் படுக்கப் போயிருந்தா, அதை யாராவது பெரிய வெற்றின்னு சொல்லியிருப்பாங்களா? பேப்பர்ல வந்திருக்குமா? ஆனா அந்த ஒரு பாட்டுதான் இன்னைக்கு ஏதோ ஒரு படியில கற்பூரத்தோட ஒலிக்குது. 16,000 கிடைக்கலையேன்னு அவர் கையைக் கட்டிக்கிட்டு உட்கார்ந்திருந்தா நமக்கு இதுவும் இல்லை.

பழம் கிடைக்கல, ஆனா...

"அண்ணா, முயற்சி பண்ணேன், பலன் வரலையே" என்கிறவங்களுக்கு ஒண்ணு சொல்றேன். உங்களுக்கெல்லாம் தெரிஞ்ச கதைதான்.

உலகத்தை முதல்ல சுத்தி வர்றவங்களுக்குப் பழம். நம்ம முருகன் மயில் மேல ஏறி உண்மையிலேயே உலகம் முழுக்கச் சுத்தி வந்தார். குறுக்கு வழி தேடல, பாதியில திரும்பல. ஆனா வந்து பார்த்தா, அம்மை அப்பனை வலம் வந்த அண்ணன் கையில பழம் இருக்கு. கோபம் வந்தது, போய்த் தனியா ஒரு குன்றுல நின்னார். அந்த இடம்தான் பழனி.

பழம் கிடைக்காதவர் நின்ற இடத்தைத் தேடித்தான் நாம தைப்பூசத்துக்கு நடந்தே போறோம்! பரிசு வாங்காத அந்தப் பயணத்தை நாம தோல்வின்னு சொல்லல. கும்பிடுறோம். அப்படி இருக்கும்போது உங்க ஒரு வருஷப் படிப்பை மட்டும் "வீணாப் போச்சு"ன்னு சொல்ல எப்படி மனசு வருது? ரேங்க் வரல, வாஸ்தவம். வலிக்கும், வலிக்கத்தான் செய்யும். ஆனா ஒரு வருஷம் முன்னாடி பார்த்தாலே பயந்த கணக்கை இன்னைக்கு போட முடியுதே? அது யாருடையது? உங்களுடையதுதான்.

படி எது, சாக்கு எது?

இங்கே ஒரு எச்சரிக்கை. "சின்ன முயற்சியும் வெற்றி"ன்னு சொன்னதும், "அப்போ நான் புத்தகத்தைத் திறந்து வெச்சேன், அதுவே வெற்றி"ன்னு போனை எடுத்துடக் கூடாது! முருகன்கிட்ட போலிக் கணக்கு செல்லாது.

படின்னா, அது இன்னைக்குச் செஞ்சதா இருக்கணும். நீங்களே செஞ்சதா இருக்கணும். எவ்வளவுன்னு தெளிவாச் சொல்ல முடியணும்.

"இன்னைக்கு நல்லாப் படிச்சேன்" என்பது படி இல்லை. "இரண்டு பாடம் முடிச்சேன், 20 கேள்வி போட்டுப் பார்த்தேன், 11 சரி" என்பது படி. 11 குறைவுதான். ஆனா போன வாரம் 8 வந்திருந்தா, நடுவுல மூணு படி ஏறியிருக்கீங்க.

"இனிமே கோபப்பட மாட்டேன்" என்பது படி இல்லை. "அம்மா போன்ல திட்டினப்போ வாய் வரைக்கும் வந்த வார்த்தையை முழுங்கிட்டேன்" என்பது பெரிய படி. வெளியே யாருக்கும் தெரியாது. முருகனுக்குத் தெரியும்.

மலை ஏறும்போது நடுவுல உட்கார்ந்து மூச்சு வாங்குறதும் தப்பில்லை. எல்லாரும் உட்கார்றாங்க. எழுந்து அடுத்த படியில கால் வைக்கிறீங்களா என்பதுதான் கேள்வி. அதே மாதிரி, பக்கத்துல தாத்தா ஒருத்தர் மெதுவா ஏறுவார், காலேஜ் பசங்க ஓடியே போவாங்க. அவங்கவங்க மூச்சு அவங்கவங்களுக்கு. ஸ்டேட்டஸ்ல அடுத்தவங்க போடுற "48 நாள் பூர்த்தி"யைப் பார்த்து உங்க 31 நாளைக் கேவலமா நினைக்காதீங்க.

ராத்திரி சந்நிதியில் வைக்கும் ஏடு

காஞ்சிபுரம் குமரகோட்டத்துல அர்ச்சகரா இருந்தவர் கச்சியப்ப சிவாச்சாரியார். கந்தபுராணம் பாடியவர். பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பாட்டுகள் உள்ள நூல் அது. அவர் எப்படிப் பாடினார்னு ஒரு மரபுக் கதை உண்டு. தினமும் நூறு பாட்டு எழுதுவாராம். ராத்திரி கோயில் நடை சாத்தும்போது அந்த ஏட்டை முருகன் பாதத்துல வெச்சுட்டுப் போவாராம். காலையில வந்து திறந்து பார்த்தா, முருகனே திருத்தம் செஞ்சு வெச்சிருப்பாராம்.

இதுல கவனிக்க வேண்டிய விஷயம், அவர் பத்தாயிரமும் முடியட்டும்னு காத்திருக்கல. அன்னன்னைக்கு ஆனதை, பிழை இருக்கலாம்னு தெரிஞ்சும், அன்னைக்கே பாதத்துல வெச்சார். திருத்தம் வந்ததை அவமானமா நினைக்கல. மறுநாள் அடுத்த நூறைத் தொடங்கினார்.

நாமும் இதைச் செய்யலாம். ஆறுமுகனுக்கு ஆறு நாள். ஒரு சின்ன நோட்டு போதும். படுக்கப் போறதுக்கு முன்னாடி பூஜை அலமாரி முன்னாலயோ, முருகன் படத்துக்கு முன்னாலயோ உட்கார்ந்து மூணு வரி எழுதுங்க.

1. இன்னைக்கு நான் ஏறின படி. (ஒண்ணே ஒண்ணு போதும். தெளிவா.)
2. இன்னைக்கு நான் இடறின இடம். (மறைக்காம. திட்டிக்காம.)
3. நாளைக்கு முதல்ல கால் வைக்கப் போற படி. (பத்து நிமிஷத்துல தொடங்கக்கூடியதா.)

எழுதினதும் நோட்டை முருகன் பாதத்துல வெச்சு, "முருகா, இன்னைக்கு என்னால ஆனது இவ்வளவு. திருத்திக் கொடு"ன்னு சொல்லிட்டுத் தூங்குங்க. ஒரு நாள் விட்டுப் போச்சுன்னா முதல்ல இருந்து ஆரம்பிக்க வேண்டாம். விட்ட இடத்துல இருந்து எழுதுங்க.

ஆறாம் நாள் ராத்திரி ஆறு பக்கத்தையும் சேர்த்துப் படிங்க. முதல் வரிகளை மட்டும் ஒரு தடவை வாய்விட்டுப் படிச்சு, ஒரு கற்பூரம் ஏத்துங்க. ஹாஸ்டல்ல கற்பூரம் ஏத்த முடியாதவங்க கை கூப்பினாலே போதும். அதுதான் உங்க படி பூஜை.

அந்தத் தங்கைக்கு

"முருகன் கோவிச்சுக்குவாரா?"ன்னு கேட்டீங்க இல்லையா? சூரசம்ஹாரம் பெரும்பாலான முருகன் கோயில்கள்ல நடக்கும். திருத்தணியில மட்டும் நடக்காது. ஏன்னா சூரனோட போர் முடிச்ச முருகன் கோபம் தணிஞ்சு அமர்ந்த இடம் அது. அதனாலதான் தணிகை. அன்னைக்கு அங்கே மலர் அஞ்சலிதான். அசுரன் மேல வந்த கோபத்தையே தணிச்சுக்கிட்டவர், பசியில தலை சுத்தி உட்கார்ந்த பிள்ளை மேலயா கோவிச்சுக்கப் போறார்?

உங்க விரதம் உடையல தங்கச்சி. இரண்டு நாள் முழுசா இருந்தீங்க. அந்த இரண்டு படிக்கும் கற்பூரம் காட்டியாச்சு. மூணாம் நாள் உடம்பு கேட்டதைக் கொடுத்தீங்க. மிச்ச நாள் ஒரு வேளை சாப்பிட்டுக்கிட்டு, கவசம் படிச்சிருந்தாலும் அதுவும் விரதம்தான். அடுத்த சஷ்டிக்கு வீட்டுப் பெரியவங்ககிட்டயும், தேவைப்பட்டா டாக்டர்கிட்டயும் கேட்டுக்கிட்டு, உங்க உடம்புக்கு ஏத்த விரதத்தை எடுங்க. இந்தத் தடவை மூணாவது படி வரைக்கும் வழி தெரிஞ்சுடுச்சே.

இன்னைக்கு ராத்திரி அந்த முதல் வரியை எழுதுங்க. நானும் எழுதுறேன்.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!
தணிகைமலை ஆண்டவனுக்கு அரோகரா!

(சோர்ந்து போய் இருக்கிற ஒரு நண்பருக்கு இதை அனுப்புங்க. முருகன் துணை.)