மரம் பார்த்துக் கவி எழுதுவோம்

"மரம்" என்று தலைப்புக் கொடுத்தால், சிறு பிள்ளைகள் பெரும்பாலும் "மரம் நிழல் தரும், கனி தரும்" என்றே எழுதுவார்கள். அது கேட்டு அறிந்த பாடம். கண்டு எழுதிய கவிதை அன்று.

கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களைப் பெயர் சொல்லி அடுக்கியிருக்கிறார். ஐந்திணைகளுள் மருதமும் பாலையும் மரங்களின் பெயர்களே. நம் கவிதை மரபு, பெயர் அறிந்து உற்றுப் பார்த்தவர்களால் வளர்ந்தது.

மூத்த மாணவியரே, உங்கள் தம்பி தங்கையருக்கு ஒரே ஒரு மரத்தைத் தெரிவு செய்து, அதன் பெயரைச் சொல்லிக் கொடுங்கள். காலையிலும் மாலை மங்கும் வேளையிலும் பத்து நிமிடம் பார்க்க விடுங்கள். பிறகு கேளுங்கள்: எதைக் கண்டாய்? அது எதைப் போல இருந்தது? மரத்திடம் என்ன கேட்பாய்?

மாந்தளிர் முதலில் செந்நிறமாகத் துவண்டு தொங்கும். பின்னரே பச்சையாகி நிமிரும். பலாவின் அடிமரத்திலேயே காய் தொங்கும். இருட்டியதும் புளியிலை மூடிக்கொள்ளும். இதைக் கண்ட பிள்ளை,

"புளியமரமே,
உன்னை உறங்கச் சொன்னது
உன் உம்மாவா?"

என்று கேட்கலாம். இதில் யாப்பு இல்லை. ஆனால் கவிதை உண்டு. மோனைகூடத் தானாக வந்து சேர்ந்திருக்கிறது.

பெற்றோரே, போட்டிக்காக அவ்வரிகளை நீக்கிவிட்டு உங்கள் வரிகளை எழுதிக் கொடுக்காதீர்கள். பரிசு கிடைக்கலாம், ஆனால் தான் கண்டது எழுதத் தகுதியற்றது என்று பிள்ளை எண்ணிவிடும். எழுத்துப் பிழையை மட்டும் திருத்துங்கள். மறுநாளும் அதே மரத்தடிக்கு அனுப்புங்கள்.