மருந்தடிக்காத கடலையில் பூஞ்சை

கேள்வி: மருந்தடிக்காத வேர்க்கடலை என்று வாங்கினேன். சில பருப்புகளில் பச்சையாகப் பூஞ்சை. அவற்றைப் பொறுக்கிவிட்டு மீதியை வறுத்துச் சாப்பிடலாமா?

பதில்: வேண்டாம். இந்தப் பூஞ்சை அஃப்ளடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்கக்கூடியது. கல்லீரல் புற்றுநோய் வரை கொண்டுபோகும். வறுத்தால் பூஞ்சை சாகும், நஞ்சு முழுசாகப் போகாது. பார்வைக்கு நல்ல பருப்பிலும் இருக்கலாம். 1960இல் இங்கிலாந்தில் லட்சம் வான்கோழிகள் செத்தபோதுதான், தீவனத்துக் கடலைப் புண்ணாக்கில் இருந்த இந்த நஞ்சு பிடிபட்டது.

மருந்தடிக்காததை மட்டும் குறை சொல்லாதீர்கள். பூச்சி துளைத்த காயில் பூஞ்சை சுலபமாக நுழையும், உண்மைதான். ஆனால் காய் முற்றும்போது வறட்சி, பிடுங்கியபின் மழை, அரை ஈரத்தோடு மூட்டை கட்டும் அவசரம் ஆகியவைதான் பெரும்பாலும் காரணம். காயைக் காதோரம் குலுக்கிப் பாருங்கள், கலகலக்க வேண்டும். வாயில் கசந்தால் துப்பிவிடுங்கள். கழித்ததை மாட்டுக்கும் வைக்காதீர்கள், நஞ்சு பாலில் இறங்கும்.