புயல் திசை மாறும்: கஜா தந்த பாடம்



புயல் செய்தி வந்தால், "கடல் எங்கோ இருக்கிறது, காளவாசலுக்கு என்ன வரப்போகிறது?" என்று நம்மில் பலர் இருந்துவிடுகிறோம். 2018 நவம்பரில் வந்த கஜா புயலை நினைத்துப் பார்த்தால் அந்த எண்ணம் மாறும்.

நவம்பர் 11 அன்று வங்கக் கடலில் அது புயலாக உருவானபோது, வட தமிழகம், தெற்கு ஆந்திரக் கரையை நோக்கி வரும் என்றே கணிக்கப்பட்டது. பிறகு தென்மேற்காகத் திரும்பியது. கடலூருக்கும் பாம்பனுக்கும் இடையே கரையைக் கடக்கும் என்று அறிவிப்பு மாறியது. நவம்பர் 16 வெள்ளிக்கிழமை அதிகாலை, நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறியது. முன்கூட்டியே 80,000க்கும் மேற்பட்டோர் முகாம்களுக்குப் போயிருந்தார்கள். அப்படியும் பல உயிர்கள் போயின. முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம், பேராவூரணிப் பகுதிகளில் பல ஆண்டுகள் வளர்த்த தென்னைகள் ஒரே இரவில் சாய்ந்தன.

கரையேறியதோடு அது முடியவில்லை. வலுக்குறைந்தபடியே உள்மாவட்டங்கள் வழியாகத் திண்டுக்கல் பக்கம் வந்து, கேரளத்தைக் கடந்து அரபிக்கடலுக்குப் போனது. கொடைக்கானல் மலையில் மண்சரிவில் உயிர்கள் பலியாயின. திண்டுக்கல் நமக்குச் சுமார் 60 கிலோமீட்டர்தான்.

இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியவை:

1. நேற்றுக் கேட்ட செய்தியை இன்று நம்பியிருக்கக் கூடாது. புயல் உருவானபின் வானிலை ஆய்வு மையம் 3 மணி நேரத்துக்கு ஒருமுறை நிலவரம் தருகிறது. நேரம் குறிப்பிடாத வாட்ஸ்அப் செய்தியைப் பிறருக்கு அனுப்பாதீர்கள்.

2. புயல் கரையைக் கடப்பதற்குச் சுமார் 12 மணி நேரம் முன்பே உள்மாவட்டங்களுக்கும் எச்சரிக்கை வரும். மதுரைவாசிகள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது இதைத்தான்.

3. 'வலுவிழந்தது' என்றால் காற்றின் வேகம் குறைந்தது என்றே பொருள். மழை குறைந்தது என்று பொருளல்ல. வைகைக் கரையிலும் கால்வாய் ஓரங்களிலும் தாழ்வான தெருக்களிலும் இருப்போர் அப்போதும் விழிப்பாக இருக்க வேண்டும்.

4. புயலின் கண் கடக்கும்போது காற்று திடீரென அடங்கும். சற்று நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து மறுபடி பலமாக வீசும். கரையோர ஊர்களில் சொந்தபந்தம் உள்ளவர்கள், அவசரப்பட்டு வெளியே வரவேண்டாம் என்று அவர்களுக்குச் சொல்லிவையுங்கள்.

5. அறுந்து கிடக்கும் மின்கம்பியை நெருங்காதீர்கள். அவசரத்துக்கு மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070.

முன்னேற்பாடு செய்வது தவக்குலுக்கு எதிரானதல்ல. வானில் மேகம் திரண்டால் நபி (ஸல்) அவர்களின் முகம் மாறும், உள்ளும் வெளியுமாக நடப்பார்கள், மழை பெய்த பிறகே கவலை நீங்கும் என்று ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். மழை பெய்த ஒரு ஜும்ஆ நாளில், வீடுகளிலேயே தொழுதுகொள்ளுமாறு பாங்கில் அறிவிக்கச் செய்தார்கள் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள். நபி (ஸல்) அவர்களின் நடைமுறையையே அதற்குச் சான்றாகக் காட்டினார்கள். தொழுகைக்கே இந்தச் சலுகை என்றால், கொட்டும் மழையில் கடைக்கும் சந்தைக்கும் போவதைத் தள்ளிவைக்க நமக்கு என்ன தடை?

காற்றை ஏசுவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அதன் நன்மையைக் கேட்டு, தீங்கிலிருந்து பாதுகாப்புத் தேடச் சொன்னார்கள். அந்த துஆவைப் பிள்ளைகளுக்கும் கற்றுக்கொடுப்போம். நம் தெருவில் தனியாக இருக்கும் பெரியம்மா யார், ஓட்டு வீட்டில் இருப்பவர் யார், மருந்து தீர்ந்தால் வாங்கித்தர ஆளில்லாதவர் யார்? மழை தொடங்கும் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்வோம். மாற்று மதச் சகோதரர்களின் வீடுகளையும் விட்டுவிடக் கூடாது. அண்டைவீட்டாரின் உரிமையில் அவர்களுக்கும் பங்குண்டு.

அல்லாஹ் நம் அனைவரையும் பாதுகாப்பானாக. ஆமீன்.