ஓட்டுமுன் உள்ளே பாருங்கள்

பதுளை, பண்டாரவளைத் தோட்டப்புறங்களில் பென்டிரைவில் கைமாறி வரும் லினக்ஸ் புரோகிராமை உடனே ஓட்டாதீர்கள். முதலில் டெர்மினலில் ‘ஃபைல்’ கட்டளை கொடுங்கள். கோப்பின் பெயரை நம்பாமல் உள்ளிருக்கும் பைட்டுகளைப் படித்து, அது 32 பிட்டா 64 பிட்டா, எந்தப் புரொசசருக்கானது என்று சொல்லிவிடும். பழைய 32 பிட் லினக்ஸ் கணினியில் 64 பிட் கோப்பு ஓடாது. அப்படியானால் அதோடு விட்டுவிடலாம். பொருந்தினால், ‘ஆப்ஜ்டம்ப்’ கட்டளையோடு சிறிய ‘பி’ சேர்த்து ‘நீடட்’ வரிகளைப் படியுங்கள். தேவையான லைப்ரரிகள் தெரியும். இதற்கு ‘எல்டிடி’ கட்டளை சுலபமாயிற்றே என்பார்கள். சில வேளை அது புரோகிராமையே ஓட்டிவிடும், ஆகவே ஊர் பேர் தெரியாத கோப்புக்கு வேண்டாம்.

வைரஸ் கார்ட் போதாதா? அது பெரும்பாலும் ஏற்கெனவே தெரிந்த வைரஸைத்தான் பிடிக்கும். ஆகவே ‘ஸ்ட்ரிங்ஸ்’ கட்டளையும் கொடுத்து, உள்ளே இணைய முகவரி இருக்கிறதா பாருங்கள். இருந்தால், உதாரணமாகச் சம்பளக் கணக்குப் போடும் புரோகிராமுக்கு அது எதற்கென்று கொடுத்தவரையே கேளுங்கள்.