ஆசானோடு கம்பு எடுக்கும்போது

கேள்வி: சிலம்பம் பயிலும் என்னை ஆசான் தம்மோடு கம்புச் சண்டைக்கு அழைக்கும் போதெல்லாம், ஓர் அடிகூடப் போடமுடியாமல் தோற்கிறேன். இதனால் என்ன பிரயோஜனம்? — வாசகர், செந்துறை

பதில்: மகத்தான பிரயோஜனம் உண்டு. தனியே நின்று கம்பு சுழற்றுகையில் எதிராளி நம் கற்பனையில் மட்டுமே இருப்பதால், காலடியின் பிழையும், அடித்த கம்பை மீட்பதில் நேரும் க்ஷண நேரத் தாமதமும், எத்தனை மாதம் பயின்றாலும் நமக்குப் புலப்படுவதில்லை. ஆசானின் கம்போ அப்பிழை நேரும் இடத்தையே தேடி வந்து தொடுகிறது. தலைக்கு ஓங்குவதாகப் பாவனை காட்டி, உங்கள் கம்பு மேலே எழுந்த மாத்திரத்தில் அவர் உங்கள் கணுக்காலைத் தொட்டுவிடுகிறார் அல்லவா? அவ்வேளை கம்பின் நுனியைப் பாராது, அவருடைய தோளையும் பாதத்தையும் கவனியுங்கள். அடி அங்கேதான் ஜனிக்கிறது. அவரை வெல்லும் ஆவேசத்தை விட்டு, சில நாள் தடுப்பதை மட்டுமே விரதமாகக் கொள்ளுங்கள். 2024 ஜனவரியில் தமிழகத்தில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டில் சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம்பெற்ற இக்காலத்தில், நீங்கள் போட்டிக் களம் காணவும்கூடும். தொட்டால் புள்ளி என்னும் போட்டி முறைக்கு இத்தகைய தற்காப்பே அஸ்திவாரம். ஆட்டம் முடிந்ததும், எந்த அடி எவ்வழி நுழைந்தது என்று அவரிடமே கேளுங்கள். தலைக்கவசமின்றி மட்டும், ஆசானே அழைத்தாலும், களத்தில் இறங்க வேண்டாம்.