வாப்பாவின் கடன் எவ்வளவு?



ஜனாஸா தொழுகைக்கு முன் நம் பள்ளிகளில் வழக்கமாக ஓர் அறிவிப்பு வரும். ஸஃப்புகள் சரியானதும் மூத்த மகன் முன்னால் வந்து, "எங்கள் வாப்பா யாருக்காவது கடன் தர வேண்டியிருந்தால் எங்களிடம் வாருங்கள், நாங்கள் பொறுப்பு" என்பார். நல்ல வழக்கம், அது தொடர வேண்டும். ஆனால் அப்போது அந்த மகனின் முகத்தைப் பார்த்திருக்கிறீர்களா? வாப்பாவின் கடன் ஐயாயிரமா ஐந்து லட்சமா என்று அவருக்கே தெரியாது. வீட்டில் இத்தாவில் உட்காரப்போகும் தாய்க்கும் தெரியாது. தெரிந்த ஒரே மனிதர் கஃபனில் இருக்கிறார்.

இதைப் படிக்கும் சகோதரரே, இன்று உங்கள் நிலை என்ன? யாருக்கு எவ்வளவு தர வேண்டும், யார் உங்களுக்கு எவ்வளவு தர வேண்டும் என்று உங்கள் மனைவியிடம் கேட்டால் சொல்வாரா?

ஹிஜ்ரி 36, ஜமல் போர்க்களம். ஸுபைர் (ரலி) அவர்கள் மகன் அப்துல்லாஹ்வை அருகே அழைக்கிறார்கள். இன்று தாம் கொல்லப்படலாம் என்று நினைக்கிறார்கள். அந்த நேரத்தில் அவர்களுக்கு இருந்த பெரிய கவலை கடன். நம் சொத்தை விற்று என் கடனை அடைத்துவிடு, முடியாமல் போனால் என் எஜமானனிடம் உதவி கேள் என்கிறார்கள். யார் அந்த எஜமானன் என்று மகன் கேட்க, அல்லாஹ் என்கிறார்கள். புகாரியில் இந்தச் சம்பவம் நீளமாக வருகிறது. முழுவதையும் ஒருமுறை வீட்டில் உட்கார்ந்து வாசியுங்கள்.

ஸுபைர் (ரலி) ஊதாரியா? இல்லை. மக்கள் தங்கள் பணத்தை அவர்களிடம் அமானிதமாகக் கொண்டுவருவார்கள். அமானிதம் வேண்டாம், கடனாகத் தாருங்கள் என்பார்கள். காரணம், பாதுகாப்பில் குறை வைக்காத நிலையில் அமானிதப் பொருள் தொலைந்தால் வைத்திருந்தவர் ஈடு தர வேண்டியதில்லை. கடன் என்றால் என்ன ஆனாலும் திருப்பித் தந்தே ஆக வேண்டும். பிறர் பணம் வீணாகிவிடக் கூடாதே என்று பாரத்தைத் தன் தலையில் ஏற்றிக்கொண்டார்கள். மகன் கணக்குப் பார்த்தபோது மொத்தக் கடன் 22 லட்சம். கையில் ஒரு தீனாரோ திர்ஹமோ இல்லை. இருந்ததெல்லாம் நிலமும் வீடுகளும். மதீனாவில் மட்டும் 11 வீடுகள்.

இங்கே நமக்குப் பெரிய பாடம் இருக்கிறது. சொத்து இருப்பது வேறு, கையில் காசு இருப்பது வேறு. நம் ஊரிலும் தோப்பும் கடையும் உள்ளவர் மருத்துவமனைச் செலவுக்கு அடுத்தவரிடம் கை நீட்டுகிறாரே, அதே நிலைதான். ஸுபைர் (ரலி) 1,70,000-க்கு வாங்கிய ஃகாபா நிலத்தை மகன் 16,00,000-க்கு விற்றார்கள். கடன்காரர்களை அங்கேயே வரவழைத்துக் கொடுத்தார்கள். எல்லாம் முடிந்தது, சொத்தைப் பிரித்துத் தா என்று வாரிசுகள் கேட்டபோது மறுத்துவிட்டார்கள். நான்கு ஆண்டுகள் ஹஜ் காலத்தில், என் தந்தையிடம் வர வேண்டியது உள்ளவர் யாரும் உண்டா என்று அறிவித்த பிறகுதான் பங்கு வைத்தார்கள். நாமோ நாற்பதாம் நாளே பத்திரத்தைத் தேடுகிறோம்!

குர்ஆனில் மிக நீளமான வசனம் எது? அல்பகராவின் 282-வது வசனம். தவணைக் கடனைச் சிறிதோ பெரிதோ எழுதிக்கொள்ள வேண்டும், சாட்சி வைக்க வேண்டும் என்று அதில்தான் அல்லாஹ் கட்டளையிடுகிறான். இன்னொன்றையும் கவனியுங்கள். வாசகத்தைச் சொல்ல வேண்டியவர் கடன் வாங்கியவர். கொடுத்தவர் எழுதிக்கொண்டுவந்து நீட்டும் தாளில் படிக்காமல் கையெழுத்துப் போடுவது அந்த முறைக்கே நேர் எதிரானது. இன்றோ செல்போன் செயலியில் வரும் கடனுக்கு நாம் ஒரு வரிகூடப் படிக்காமல் விரலால் தட்டி ஒப்புக்கொள்கிறோம்.

"சொந்த மச்சானிடம் எழுதிக் கேட்பதா? தப்பாக நினைப்பாரே!" நினைக்கட்டும். எழுதுவது சந்தேகம் வராமல் காக்கும் என்பதைக் காரணமாக அந்த வசனமே சொல்கிறது. எழுதாத கடனால் பேச்சு அறுந்த அண்ணன் தம்பிகள் நம் மஹல்லாவில் எத்தனை பேர்?

வட்டி ஹராம் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் கணக்கு தெரிகிறதா? "ரெண்டு வட்டிதான்" என்று சாதாரணமாகச் சொல்கிறார்கள். நூற்றுக்கு மாதம் 2 என்றால் ஆண்டுக்கு 24. 50,000 ரூபாய்க்கு மாதம் 1,000. நான்கு ஆண்டு இரண்டு மாதத்தில் வட்டியாக மட்டும் 50,000 போயிருக்கும், அசல் அப்படியே நிற்கும். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தவர் அந்த வாசலுக்குப் போகும் முன் பத்து முறை யோசிப்பார்.

ஜாமீன் கையெழுத்தும் அப்படித்தான். கடனோடு இறந்த ஒருவருக்குத் தொழவைக்க நபி (ஸல்) அவர்கள் தயங்கியபோது அபூகதாதா (ரலி) அந்தக் கடனை ஏற்றார்கள். பிறகு அதை அடைத்தாயா என்று நபியவர்கள் அவரிடம் விசாரித்தார்கள். ஏற்றுக்கொண்டவர் கொடுத்தாக வேண்டும். நாட்டுச் சட்டமும் இதையே சொல்கிறது: 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 128-வது பிரிவின்படி, வேறுவிதமாக ஒப்பந்தம் செய்யாத வரை, கடனாளியின் பொறுப்பு எவ்வளவோ ஜாமீன்தாரரின் பொறுப்பும் அவ்வளவே. "சும்மா ஒரு கையெழுத்து" என்று ஒன்று கிடையாது.

சகோதரிகளுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் மஹரும் நகையும் உங்கள் சொத்து. கணவர் வியாபாரத்துக்கு நகையை வாங்கி அடகு வைத்தால், நீங்களாக அன்பளிப்பாகக் கொடுத்தால் தவிர, அது அவர் உங்களுக்குத் தர வேண்டிய கடன். அடகுச் சீட்டு எங்கே, எத்தனை கிராம், மீட்க வேண்டிய தேதி எது என்று கேட்பது அடங்காமை அல்ல. ஏலத்தில் போன பிறகு அழுவதைவிடக் கேட்பது மேல்.

பிள்ளைகளை எப்போது பழக்குவது? அன்னிஸா 6-வது வசனத்தில், அநாதைகளின் சொத்தை ஒப்படைக்கும் முன் அவர்களைச் சோதித்துப் பாருங்கள் என்கிறான் அல்லாஹ். சிறு தொகையைக் கொடுத்து வாங்கவும் விற்கவும் விட்டு அவர்களின் பக்குவத்தைப் பார்க்கலாம் என்று அறிஞர்கள் விளக்கம் தருகிறார்கள். ஆக, பணம் கையாள்வது பழகி வர வேண்டிய ஒன்று. பத்து வயதுப் பிள்ளையிடம் ஒரு வாரத்துக் காய்கறிச் செலவைக் கொடுத்துப் பாருங்கள். இருபது ரூபாயைத் தொலைத்துவிட்டு வந்தால் திட்டாதீர்கள். இருபது வயதில் இருபதாயிரத்தைத் தொலைப்பதைவிட இது மலிவு.

இன்று அஸருக்குப் பிறகு ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். முதல் பக்கத்தில் தர வேண்டியவை, அடுத்த பக்கத்தில் வர வேண்டியவை. பெயர், தொகை, தேதி, யார் சாட்சி. மஹர் பாக்கி இருந்தால் அது முதல் வரியில். வங்கிக் கணக்கு, காப்புப் பெட்டிச் சாவி, அடகுச் சீட்டு இருக்கும் இடம் கடைசிப் பக்கத்தில். எழுதி முடித்ததும் மனைவியையோ மூத்த பிள்ளையையோ உட்காரவைத்து ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள், நோட்டு இருக்கும் இடத்தையும் சொல்லிவிடுங்கள்.

கடனில் தவிக்கும் நம் சகோதர சகோதரிகளின் பாரத்தை அல்லாஹ் இறக்கிவைப்பானாக! ஆமீன்.